போதைப்பொருள் சட்டச் சீர்திருத்தம் பத்தி ரிசர்ச் பேப்பர் எழுதறது எப்படி: டாபிக் எடுக்கறதுல இருந்து சப்மிட் பண்றவரைக்கும் முழு வழிகாட்டி

போதைப்பொருள் சட்டத்தை மாத்தணும்னு எழுதின டிராஃப்ட் நிறைய படிச்சிருக்கேன், லா படிக்கற பசங்களோடது, முதல் வருஷ பிஎச்டி ஆளுங்களோடது, சில சமயம் ப்ராக்டீஸ்ல இருக்கற வக்கீல்களோடதும். தடுமாறுற இடம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒண்ணுதான். முடிவு முதல்லயே மனசுல இருக்கு, அதுக்குத் தோதா ஒரு செக்‌ஷனையும் ரெண்டு தீர்ப்பையும் அப்புறமா தேடிப் பிடிச்சு ஒட்டறாங்க. ரிவ்யூ பண்றவரு மூணாவது பக்கத்துலயே கண்டுபிடிச்சுடுவாரு.

அதனால இங்க வரிசைதான் முக்கியம். ஒரு படியை முடிக்காம அடுத்ததுக்குத் தாவாதீங்க, தாவினா திரும்ப வந்து அதே வேலையை ரெண்டாவது தடவை செய்ய வேண்டியிருக்கும்.

1. உக்காரும் முன்னாடி கையில இருக்க வேண்டியது

சட்டத்தோட இன்னிய தேதிக்கான முழு வடிவம் ஒண்ணு, அதை மாத்தின ஒவ்வொரு திருத்தச் சட்டமும் தனித்தனியா. ரெண்டும் எதுக்குன்னா, எல்லாத்தையும் சேர்த்து அச்சடிச்ச புக்ல எந்த வரி எப்ப உள்ள வந்துச்சுன்னு பட்டுன்னு தெரியாது, பழைய தீர்ப்பைப் படிக்கும்போது அந்த ஜட்ஜ் முன்னாடி இருந்த வரி ஒண்ணு, உங்க முன்னாடி இருக்கற வரி வேற ஒண்ணா இருக்கும்.

விதிகள், அட்டவணை, அரசு அறிவிக்கைகள். போதைப்பொருள் சட்டத்துல பாதி விஷயம் சட்டத்துக்குள்ளயே இருக்காது. எந்தப் பொருள் எந்தப் பட்டியல்ல, எத்தனை கிராம் வரைக்கும் சின்ன அளவு, இதெல்லாம் பெரும்பாலும் அறிவிக்கைலதான். சட்டத்தை மட்டும் படிச்சுட்டு எழுதினா பாதி சட்டம்தான் படிச்சிருக்கீங்க.

போதைப்பொருள் கட்டுப்பாடு பத்தின மூணு ஐ.நா. ஒப்பந்தம்: 1961, 1971, 1988. கூடவே 1961-க்கும் 1988-க்கும் ஐ.நா.வே வெளியிட்ட விளக்கவுரை. ஆன்லைன்ல ஃப்ரீயா கிடைக்குது, ஆனா டிராஃப்ட்கள்ல அதை யாரும் தொட்ட மாதிரி தெரியல.

ஒரு தேதி. "இந்த நாள் வரைக்குமான சட்டம்"னு முதல் ஃபுட்நோட்லயே போடறதுக்கு. இந்த ஏரியால சட்டம் சட்டுசட்டுன்னு மாறுது, தேதி போடலன்னா நீங்க எழுதி முடிச்சு பேப்பர் வெளிய வர்றதுக்குள்ள அது தப்பாயிடும்.

உபயோகிக்கறவங்க, கேஸ்ல மாட்டினவங்க, இவங்களைப் பேட்டி எடுக்கற ஐடியா இருந்தா எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கு இப்பவே அப்ளை பண்ணிடுங்க. பல நாடுகள்ல ரிசர்ச் பண்றவருக்கு வக்கீலுக்கு இருக்கற மாதிரி ரகசியப் பாதுகாப்பு கிடையாது, அவங்க உங்ககிட்ட சொன்னதை கோர்ட் கேட்டா குடுக்க வேண்டிவரலாம். பேரே எழுதிக்காம இருக்கறதுதான் நல்லது.

2. கேள்வியை ஒரு செக்‌ஷன் அளவுக்குச் சுருக்குங்க

"போதைப்பொருள் மேல நடத்தின போர் தோத்துடுச்சா?" இது கட்டுரைப் போட்டித் தலைப்பு. இதுக்கு எல்லாரும் பதில் சொல்லலாம், அதனாலயே யாரு பதிலும் மதிப்பு இல்லாம போகுது.

நல்ல கேள்வில மூணு விஷயம் இருக்கும்: எந்தச் சட்டத்துல எந்தப் பிரிவு, யாரைப் பத்தி (உபயோகிக்கறவரா, விக்கறவரா, கூலிக்குக் கொண்டுபோறவரா, வலி மருந்து தேவைப்படற நோயாளியா), எந்த அளவுகோல் வச்சுப் பாக்கறீங்க (விகிதாசாரமா, அதாவது குற்றத்துக்கு ஏத்த அளவு தண்டனைதானாங்கறது, அந்தரங்க உரிமையா, ஒப்பந்தக் கடமையா). மூணும் ஒரே வாக்கியத்துல வரலன்னா கேள்வி இன்னும் பழுக்கலன்னு அர்த்தம்.

உதாரணத்துக்கு: "கலவையோட மொத்த எடையை வச்சுத் தண்டனையை நிர்ணயிக்கறது, சின்ன அளவு வச்சிருந்த உபயோகிப்பாளர் விஷயத்துல விகிதாசாரக் கொள்கைக்கு ஒத்துவருதா?" இதுக்குப் பதில் தேட எங்க போகணும்னு கேள்வியே சொல்லிடுது.

ரொம்பச் சுருக்கிட்டோமோன்னு பயப்படாதீங்க. இந்த சப்ஜெக்ட்ல ஒரு செக்‌ஷனைப் பிடிச்சு இழுத்தா ஒப்பந்தம், அரசியலமைப்பு, ஆதாரச் சட்டம், ஜாமீன்னு எல்லாம் பின்னாடியே வரும்.

3. எந்த மாதிரி மாற்றத்தைக் கேக்கறீங்கன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க

பாதி டிராஃப்ட் இங்கதான் கவுந்துடுது. அறிமுகத்துல ஒரு மாற்றத்தைக் கேக்கறாங்க, நடுவுல வேற ஒண்ணுக்கு ஆதாரம் காட்டறாங்க, முடிவுரைல மூணாவதா ஒண்ணைப் பரிந்துரைக்கறாங்க.

கொஞ்ச அளவு பொருளோட ஒருத்தர் பிடிபட்டா அப்புறம் என்ன நடக்கும்னு மட்டும் கேட்டுப் பாருங்க. குற்றம்தான், ஆனா கோர்ட் ஜெயிலுக்கு அனுப்பாம சிகிச்சைக்கு அனுப்புதா? போலீஸே எச்சரிச்சு விட்டுடுதா? கிரிமினல் குற்றமே இல்ல, ஆனா அபராதமோ ஒரு குழு முன்னாடி ஆஜராகறதோ இருக்கா? இல்ல எந்த மீறலும் இல்லாம லைசன்ஸ் கடைல வாங்கினதா? நாலும் நாலு வேற சட்டம், நாலுக்கும் வேற வேற ஒப்பந்தச் சிக்கல், வேற வேற ஆதாரம் வேணும்.

அடிக்கடி பாக்கற தப்பு: "போர்ச்சுகல் போதைப்பொருளைச் சட்டப்பூர்வமாக்கிடுச்சு." ஆக்கல. 2001 ஜூலை 1-ல அமலுக்கு வந்த 30/2000 சட்டம், சொந்த உபயோகத்துக்கு வாங்கறதையும் வச்சிருக்கறதையும் கிரிமினல் குற்றத்துல இருந்து நிர்வாக மீறலா மாத்திச்சு, அவ்வளவுதான். பிடிபட்டவர் மூணு பேர் கொண்ட ஒரு கமிஷன் முன்னாடி போகணும். பொருளைக் கைப்பத்திடுவாங்க. வித்தா அது அப்பவும் குற்றம், இப்பவும் குற்றம். உருகுவே 2013-லயும் கனடா 2018-லயும் கஞ்சாவுக்குச் செஞ்சது நாலாவது வகை. போர்ச்சுகல் டேட்டாவை வச்சு கனடா மாடலைக் கேட்டா, எதிர்த்தரப்பு உங்களைச் சும்மா விடாது.

4. சட்டத்தைக் கடைசி அட்டவணை வரைக்கும் படிங்க

பொறுமை போற வேலைதான், ஆனா பேப்பரோட உயிர் இங்கதான் இருக்கு. படிக்கற வரிசை: முதல்ல வரையறைகள், அப்புறம் அளவு நிர்ணயம், அப்புறம் குற்றப் பிரிவுகள், அப்புறம் நிரூபணச் சுமை, ஜாமீன், கடைசியா சிகிச்சை தொடர்பான பிரிவுகள். பெரும்பாலானவங்க நேரா குற்றப் பிரிவுக்குப் போயிடறாங்க.

வரையறை ஏன் முதல்லன்னா, எது போதைப்பொருள்ங்கறதே அங்கதான் முடிவாகுது. இந்தியாவோட 1985 என்.டி.பி.எஸ். சட்டத்துல (போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டம்) கஞ்சான்னா செடியோட பூவும் காயும் இருக்கற நுனிப்பகுதி, நுனி இல்லாத வெறும் இலையும் விதையும் அந்த வரையறைல வராது. இது 1961 ஒப்பந்தத்தோட முதல் ஷரத்துல இருக்கற வரையறையை அப்படியே ஒட்டி வர்றது. அதனால "கஞ்சாச் செடி முழுக்கத் தடை"ன்னு எழுதினா முதல் பத்திலயே சட்டம் தப்பாயிடுது.

அளவு நிர்ணயத்துக்கு வருவோம், இதைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். ஒருத்தர்கிட்ட 1 கிலோ பவுடர் பிடிபடுதுன்னு வைங்க, லேப் ரிப்போர்ட்ல அதுக்குள்ள ஹெராயின் 4 கிராம்தான், மிச்சம் எல்லாம் கலப்படம். என்.டி.பி.எஸ். அறிவிக்கைப்படி ஹெராயினுக்குச் சின்ன அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். சுத்தமான ஹெராயினை மட்டும் எடை பாத்தா அவரு சின்ன அளவு, இப்ப இருக்கற தண்டனைப்படி அதிகபட்சம் 1 வருஷம். மொத்தப் பவுடரையும் எடை பாத்தா அவரு வணிக அளவு, குறைஞ்சது 10 வருஷம், 20 வரைக்கும் போகலாம், ஜாமீனுக்கும் 37-ஆவது பிரிவோட கடுமையான நிபந்தனை வந்துடும். பவுடர் அதேதான், ஆளும் அதேதான்.

2008-ல இந்திய சுப்ரீம் கோர்ட் சுத்தமான அளவைத்தான் பாக்கணும்னு சொல்லிச்சு. 2009-ல அரசு அறிவிக்கைல ஒரு குறிப்பைச் சேர்த்து மொத்த எடைன்னு ஆக்கிச்சு. 2020-ல ஹீரா சிங் வழக்குல மூணு நீதிபதி பெஞ்ச் 2008 தீர்ப்பு சரியில்லன்னு சொல்லி மொத்த எடைதான்னு முடிச்சுது. இன்னிக்கும் 2008 தீர்ப்பை நடப்புச் சட்டம் மாதிரி மேற்கோள் காட்டற டிராஃப்ட் வருது. ஒரு தீர்ப்பைப் போடறதுக்கு முன்னாடி அதுக்கப்புறம் என்னாச்சுன்னு பாக்கறது பழக்கமாகணும்.

திருத்தச் சட்டங்களைத் தனியா வச்சுக்கங்கன்னு மேல சொன்னேன்ல, அதுக்குக் காரணம் இது. அதே என்.டி.பி.எஸ். சட்டத்துல 27ஏ பிரிவு போதைப்பொருள் கடத்தலுக்குப் பணம் போடறவங்களுக்கு 10-ல இருந்து 20 வருஷம்னு சொல்லுது, ஆனா எதெல்லாம் அந்தக் கடத்தல் வேலைங்கறதுக்கு 2-ஆவது பிரிவுல ஒரு உட்பிரிவு நம்பரைக் கைகாட்டுது. 2014-ல வலி மருந்து கிடைக்கறதை எளிதாக்க "அத்தியாவசிய போதை மருந்து"ன்னு புது வரையறையைச் சேர்த்தாங்க, அதை அந்த நம்பர்ல வச்சுட்டு பழைய உட்பிரிவை ஒரு நம்பர் கீழ தள்ளிட்டாங்க. 27ஏ-வைத் திருத்த மறந்துட்டாங்க. அதாவது கடுமையான ஒரு தண்டனைப் பிரிவு, ஏழு வருஷமா சம்பந்தமே இல்லாத ஒரு மருந்து வரையறையைக் கைகாட்டிட்டு நின்னுச்சு. திரிபுரா ஹை கோர்ட் இதைச் சுட்டிக்காட்டின பிறகு 2021 செப்டம்பர்ல அவசரச் சட்டம், டிசம்பர்ல பார்லிமென்ட் சட்டம், அதுவும் 2014 மே 1-ல இருந்தே செல்லும்னு பின்தேதி போட்டு. கிரிமினல் சட்டத்தைப் பின்தேதில சரிபண்ணலாமாங்கறதே ஒரு நல்ல பேப்பர், வேணும்னா எடுத்துக்கங்க.

நிரூபணச் சுமைப் பிரிவுகளையும் விட்டுடாதீங்க. பல நாட்டுப் போதைப்பொருள் சட்டங்கள்ல பொருள் கையில இருந்தாலே குற்ற எண்ணம் இருந்துச்சுன்னு அனுமானிச்சுக்கற பிரிவு இருக்கும், என்.டி.பி.எஸ்.ல 35, 54. தண்டனையைக் குறைக்கணும்னு மட்டும் எழுதிட்டு இதைத் தொடாம விட்டா, நடைமுறைல ஆளை உள்ள வைக்கறது எதுங்கறதைப் பாக்கவே இல்லன்னு ஆகிடும்.

5. ஒப்பந்தங்களோட வரிகளை வாசிங்க, அதைப் பத்தி மத்தவங்க சொன்னதை அப்புறம் பாத்துக்கலாம்

"ஐ.நா. ஒப்பந்தம் அனுமதிக்காது"ன்னு ஒரு கூட்டம், "ஒப்பந்தம் தடையே இல்ல"ன்னு ஒரு கூட்டம். ரெண்டு கூட்டமும் ஷரத்து நம்பர் சொல்றதில்ல.

நீங்க படிக்க வேண்டியது அஞ்சாறு இடம்தான். 1961 ஒப்பந்தத்தோட 4-ஆவது ஷரத்துல மூணாவது உட்பிரிவு (c): உற்பத்தி, விற்பனை, உபயோகம், உடைமை எல்லாத்தையும் மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் மட்டும்னு கட்டுப்படுத்தற பொதுக் கடமை. 36-ஆவது ஷரத்து: குற்றமாக்கணும்னு சொல்றது, ஆனா ஆரம்பமே "தன்னோட அரசியலமைப்பு வரம்புக்கு உட்பட்டு"ன்னுதான். 1988 ஒப்பந்தத்தோட 3-ஆவது ஷரத்து 1-ஆம் பத்தி வியாபாரத்தைப் பத்தி, 2-ஆம் பத்தி சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கறதைப் பத்தி, 4-ஆம் பத்தி தண்டனைக்குப் பதிலா சிகிச்சை, மறுவாழ்வு குடுக்கலாம்னு சொல்றது.

3-ஆவது ஷரத்தோட 1-ஆம் பத்தியையும் 2-ஆம் பத்தியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. 2-ஆம் பத்தில "அரசியலமைப்புக் கோட்பாடுகளுக்கும் சட்ட அமைப்போட அடிப்படைக் கருத்துகளுக்கும் உட்பட்டு"ங்கற விலக்கு முன்னாடியே நிக்குது, 1-ஆம் பத்தில விக்கறது, தயாரிக்கறது பத்தின இடத்துல அது இல்ல. சொந்த உபயோகத்தைக் குற்றமில்லாம ஆக்கறதுக்கு ஒப்பந்தத்துக்குள்ளயே இடம் இருக்கு, விற்பனையைச் சட்டப்பூர்வமாக்கறதுக்கு அப்படி இடமில்லன்னு நிறைய பேர் வாதாடறது இந்த வித்தியாசத்தை வச்சுத்தான். மூணாவது படில நீங்க எடுத்த முடிவு இங்க வந்து உதைக்கும்.

விற்பனை வரைக்கும் போறீங்கன்னா ஒப்பந்தத்தை என்ன பண்ணப் போறீங்கன்னு நேரா சொல்லியாகணும். பொலிவியா கோகோ இலைக்காக 1961 ஒப்பந்தத்துல இருந்து வெளிய வந்து, 2013-ல ஒரு ஒதுக்கீட்டோட, அதாவது இந்த ஷரத்து எங்களுக்குப் பொருந்தாதுங்கற நிபந்தனையோட, திரும்பச் சேந்துச்சு. உறுப்பு நாடுகள்ல மூணுல ஒரு பங்கு எதிர்த்திருந்தா அது செல்லாம போயிருக்கும், எதிர்த்தது 15 நாடுதான். கனடாவும் உருகுவேயும் வெளிய வரவே இல்ல, உள்ள இருந்துட்டே மாத்திக்கிட்டாங்க, அதுக்கு ஐ.என்.சி.பி. (இந்த ஒப்பந்தங்களைக் கண்காணிக்கற சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம்) கண்டனமும் தெரிவிச்சுது. சில நாடுகள் மட்டும் தங்களுக்குள்ள ஒப்பந்தத்தை மாத்திக்கற வழிக்கு நாடுகளுக்கு நடுவுல போடற ஒப்பந்தங்களுக்கே விதி சொல்ற வியன்னா உடன்படிக்கையோட 41-ஆவது ஷரத்தைக் காட்டறவங்க இருக்காங்க. எதை எடுத்தாலும் சரி, "உள்நாட்டுச் சட்டத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை மீற முடியாது"ங்கற அதே வியன்னாவோட 27-ஆவது ஷரத்துக்குப் பதில் வேணும்.

இன்னொரு தப்பு, இது ரொம்பவே பரவிடுச்சு: "2020-ல ஐ.நா. கஞ்சாவை அனுமதிச்சுடுச்சு." 2020 டிசம்பர் 2-ல ஐ.நா.வோட போதைமருந்து ஆணையம் 27-க்கு 25ங்கற ஓட்டுல கஞ்சாவை 1961 ஒப்பந்தத்தோட நாலாவது அட்டவணைல (ரொம்பக் கடுமையான பட்டியல் அது) இருந்து எடுத்துச்சு. முதல் அட்டவணைல அது இன்னும் இருக்கு. மருத்துவப் பயனை ஏத்துக்கிட்ட மாதிரி ஆச்சு, கட்டுப்பாடு போகல.

ஐ.என்.சி.பி. ஆண்டறிக்கை எதிர்த்தரப்பு வாதத்துக்கு நல்ல மூலம். ஆனா அது கோர்ட் இல்ல, அது சொல்ற விளக்கம் நாடுகளைக் கட்டுப்படுத்தற தீர்ப்பும் இல்ல. அந்த எடையோட மட்டும் மேற்கோள் காட்டுங்க.

6. தீர்ப்புகளை எந்த உரிமைங்கறதை வச்சுப் பிரிங்க

நாடு வாரியா அடுக்கறதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணும். அப்படி அடுக்கினா பட்டியல் வரும், வாதம் வராது.

உரிமை வாரியா அடுக்கிப் பாருங்க. அந்தரங்கம்: அலாஸ்கா சுப்ரீம் கோர்ட் 1975, தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2018. ஆளுமையைச் சுதந்திரமா வளர்த்துக்கற உரிமை: கொலம்பியா 1994, மெக்சிகோ 2015-ல ஆரம்பிச்சு 2018-ல கட்டுப்படுத்தற முன்தீர்ப்பாச்சு. உயிர், உடல் பாதுகாப்பு: கனடா 2011. விகிதாசாரம்: ஜெர்மனி 1994. மத்திய மாநில அதிகாரப் பங்கீடு: அமெரிக்காவோட 2005 ரெய்ச் வழக்கு, அதுல மாநிலம் அனுமதிச்ச மருத்துவக் கஞ்சாவையும் மத்திய சட்டம் தடுக்கலாம்னு முடிவாச்சு. இப்படிப் பிரிச்சதுமே உங்க நாட்டு அரசியலமைப்புல எந்தக் கதவு இருக்கு, எது இல்லைன்னு தெரிஞ்சுடும்.

அப்புறம் கோர்ட் உண்மைலயே என்ன உத்தரவு போட்டுச்சுன்னு கடைசிப் பக்கத்தைப் படிங்க. கனடா 2011 வழக்கு வான்கூவர்ல இருந்த ஒரு மேற்பார்வை ஊசி மையத்தைப் பத்தினது, அதாவது உபயோகிக்கறவங்க மருத்துவ ஊழியர் கண்காணிப்புல ஊசி போட்டுக்கற இடம். உடைமையைக் குற்றமாக்கற பிரிவையே கோர்ட் ரத்து பண்ணிடுச்சுன்னு எழுதறாங்க. ரத்து பண்ணல, அந்தப் பிரிவு செல்லும்னே சொல்லிச்சு, காரணம் அமைச்சருக்கு விலக்கு குடுக்கற அதிகாரம் சட்டத்துலயே இருக்கு. அந்த விலக்கை நீட்டிக்க மறுத்ததுதான் உரிமை மீறல்னு சொல்லி விலக்கு குடுன்னு உத்தரவு போட்டுச்சு. நீங்க கேக்கறது சட்டத் திருத்தமா நிர்வாக முடிவாங்கறது இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது.

ஜெர்மனி 1994-ம் அப்படித்தான். தடை செல்லும், ஆனா சொந்த உபயோகத்துக்கான சின்ன அளவுன்னா வழக்கைக் கைவிடணும்னு சொன்ன தீர்ப்பு அது. தென்னாப்பிரிக்கால தனிப்பட்ட இடத்துல பெரியவங்க உபயோகிக்கறது, வளர்க்கறது மட்டும்தான் விடுபட்டுச்சு, விக்கறது குற்றமாவே இருந்துச்சு.

7. புள்ளிவிவரத்தைத் தொடறதுக்கு முன்னாடி அது எதை அளக்குதுன்னு கேளுங்க

பறிமுதல் கிலோ கூடிச்சுன்னா கடத்தல் கூடிச்சுன்னு அர்த்தமில்ல, சோதனை கூடியிருக்கலாம், ஒரே ஒரு கப்பல் மாட்டியிருக்கலாம். கைது எண்ணிக்கையும் போலீஸ் எவ்வளவு வேலை பாத்துச்சுன்னுதான் சொல்லும். எத்தனை பேர் உபயோகிக்கறாங்கங்கறதுக்கு வீட்டுக்கு வீடு எடுக்கற சர்வே வேணும், அதுலயும் வீடில்லாதவங்களும் ஜெயில்ல இருக்கறவங்களும் விட்டுப்போவாங்க.

சட்டம் மாறின வருஷத்துல வேற என்னெல்லாம் மாறிச்சுன்னு ஒரு காலவரிசை போடுங்க. அமெரிக்க மாநிலமான ஓரிகான் உதாரணம் நல்லா புரிய வைக்கும். 2020 நவம்பர்ல மெஷர் 110-ங்கற சட்ட முன்மொழிவு ஓட்டெடுப்புல ஜெயிச்சு, 2021 பிப்ரவரி 1-ல இருந்து சின்ன அளவு உடைமைக்கு 100 டாலர் அபராதம் மட்டும்னு ஆச்சு. அதே சமயத்துல ஃபென்டனில் (ஹெராயினை விட ரொம்ப வீரியமான செயற்கை போதைப்பொருள்) மேற்குக் கரைக்கு வந்துட்டிருந்துச்சு, கோவிட் வேற. சாவு எண்ணிக்கை ஏறிச்சு, எதனாலன்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. 2024 செப்டம்பர் 1-ல இருந்து உடைமை திரும்பவும் குற்றமாச்சு. "சீர்திருத்தம் தோத்துது"ன்னோ "சீர்திருத்தத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்ல"ன்னோ ஒரு வரில முடிக்கறவங்க ரெண்டு பேருமே வேலையை முடிக்கல.

சட்டப் பேப்பர்ல புள்ளிவிவரம் ஒரு சாட்சி. எந்த வாதத்துக்குச் சாட்சின்னு சொல்லிட்டு நிறுத்திக்கங்க, நாலு பக்கம் கிராஃப் போட்டா ரிவ்யூ பண்றவரு அதை ஒரு பொருளாதார நிபுணர்கிட்ட அனுப்பிடுவாரு, அவரு அங்க என்ன பண்ணுவாருன்னு உங்களுக்கே தெரியும்.

8. வேற நாட்டைக் கொண்டுவரும்போது மொத்த அமைப்பையும் கொண்டுவாங்க

போர்ச்சுகல்ல 10 நாள் உபயோகத்துக்கான அளவுங்கற வரம்பு எல்லா டிராஃப்ட்லயும் வரும். அது ஹெராயினுக்கு 1 கிராம், கொக்கெயினுக்கு 2 கிராம்னு ஒரு அட்டவணைல இருந்து வருது, அதைத் தாண்டினா என்னங்கறதுல அந்த நாட்டுக்குள்ளயே சண்டை நடந்துச்சு, 2023-ல சட்டத்தை மாத்தி, வரம்பைத் தாண்டறது விற்பனைக்கான ஒரு அறிகுறி மட்டும்தான், அதுவே முடிவில்லன்னு ஆக்கினாங்க. 2001 வடிவத்தோட நிக்கற பேப்பர் பழசு.

அங்க கமிஷனுக்குப் பின்னாடி சிகிச்சை மையங்கள் இருந்துச்சு. உங்க நாட்டுல அது இல்லாம கமிஷனை மட்டும் இறக்குமதி பண்ணா ஆளை எங்க அனுப்புவீங்க? இந்தக் கேள்விக்கு ஒரு பத்தியாவது எழுதுங்க. ரெண்டு நாட்டுக்கு மேல ஒப்பிடாதீங்க, ஆறு நாட்டு டேபிள் பாக்க அழகா இருக்கும், ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு தப்பு உக்காந்திருக்கும்.

9. உங்க பரிந்துரையை ஒரு சட்டப்பிரிவா எழுதிப் பாருங்க

"அரசு மனிதாபிமானத்தோட அணுக வேண்டும்"ங்கறது பரிந்துரை கிடையாது. எந்தப் பிரிவுல எந்த வார்த்தையை எடுத்துட்டு எதைப் போடணும்னு எழுதுங்க. அச்சுல போடலன்னாலும் பரவாயில்ல, எழுதும்போதுதான் ஓட்டை தெரியும்.

எழுத ஆரம்பிச்சதுமே கேள்விகள் வரிசையா வரும். வரம்பு கிராம்லயா, நாள் கணக்குலயா? கலவையா, சுத்தமா? வரம்புக்குக் கீழன்னா விடுதலை உறுதியா, இல்ல அனுமானம் மட்டுமா? ரெண்டு பேர் பங்குபோட்டுக்கிட்டா அது விற்பனையா? பதினெட்டு வயசுக்குக் கீழன்னா? பொது இடத்துல உபயோகிச்சா? கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல 2023 ஜனவரி 31-ல 2.5 கிராம் வரைக்கும் விலக்கு அமலுக்கு வந்து, 2024 மே மாசமே பொது இடத்துக்கு அது செல்லாதுன்னு திருத்த வேண்டி வந்துச்சு.

டிராஃப்ட்கள்ல சுத்தமா காணாம போற பகுதி இடைக்கால ஏற்பாடு. ஏற்கெனவே தண்டனை அனுபவிச்சுட்டு இருக்கறவங்க, நிலுவைல இருக்கற கேஸ், பழைய குற்றப் பதிவு, இது மூணுக்கும் தனித்தனியா ஒரு உட்பிரிவு வேணும். பழைய பதிவு தானா அழியணுமா, அப்ளை பண்ணினா அழியணுமாங்கறதுல பெரிய வித்தியாசம் இருக்கு, அப்ளை பண்ணணும்னா வக்கீல் வைக்க முடிஞ்சவங்களுக்கு மட்டும்தான் அழியும்.

10. எதிர் வாதம், எழுதற வரிசை, சப்மிட்

எதிர்த்தரப்போட பலமான வாதத்தை எடுங்க, முட்டாள்தனமானதை எடுத்து அடிக்கறது சுலபம், அதுல மார்க் கிடையாது. வரம்புக்குக் கீழயே சின்னச் சின்னப் பொட்டலமா பிரிச்சு விப்பாங்கங்கறது பலமான வாதம். குற்றம்னு இருந்தாத்தான் சிகிச்சைக்கு வர வைக்க ஒரு பிடி இருக்குங்கறதும் பலமானது. இதுக்கெல்லாம் பதில் நீங்க எழுதின பிரிவுக்குள்ளயே இருக்கணும், இல்லன்னா ஒன்பதாவது படிக்குத் திரும்பப் போங்க.

எழுதற வரிசை நான் சொல்றது இது: முதல்ல சட்டம் என்ன சொல்லுதுங்கற பகுதி, அப்புறம் வரைவுப் பிரிவு, அப்புறம் ஒப்பந்தமும் அரசியலமைப்பும், அப்புறம் ஆதாரம், கடைசியா அறிமுகமும் தலைப்பும். அறிமுகத்தை முதல்ல எழுதினா அதுல குடுத்த வாக்குறுதிக்காக மிச்சத்தை வளைக்க ஆரம்பிச்சுடுவீங்க.

நடை விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. உபயோகிக்கறவங்களை "அடிமைகள்"னு கூப்பிடாதீங்க, சட்டத்துல அப்படி வார்த்தை இருந்தா மேற்கோள் குறிக்குள்ள போடுங்க, ஏன்னா உபயோகிக்கற எல்லாரும் சார்ந்து போனவங்க இல்ல, அந்த வித்தியாசமே உங்க வாதத்துக்குத் தேவைப்படும்.

ஜர்னலுக்கு அனுப்பறதுக்கு முந்தின நாள் மூணு விஷயம் செக் பண்ணுங்க. மேற்கோள் காட்டின ஒவ்வொரு தீர்ப்பும் இன்னும் உயிரோட இருக்கா, ஒவ்வொரு பிரிவும் திருத்தமாச்சா, ஷரத்து நம்பர் எல்லாம் மூல ஒப்பந்தத்தோட ஒத்துப்போகுதா. கடைசியா மாறினது எதாவது கண்ணுல பட்டா முதல் ஃபுட்நோட்ல இருக்கற தேதியையும் மாத்திட்டு அனுப்புங்க.